லீவில் ஆறுகிற கை

அவர் மேசன். ஹட்டன் பக்கம் ஊர். கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டட வேலையில் நிற்கிறார். கைகளை மேசைமேல் வைத்தார். விரல் மூட்டுகள் தடித்து, மடிப்பெல்லாம் வெடித்து, ஒரு வெடிப்பில் ரத்தம் காய்ந்திருந்தது. போன் அவருடைய விரலடையாளத்தை ஏற்பதே இல்லையாம். பையிலிருந்து ஐந்து கிறீம் டியூப்களை எடுத்து வைத்தார். எல்லாம் பாமசியில் சும்மா கேட்டு வாங்கியவை.

"ஊருக்குப் போனா நல்லாயிருக்கு டொக்டர். வேலைக்கு வந்து ரெண்டு நாள்ல பழையபடி அரிக்குது."

லீவில் ஆறி, வேலைக்குப் போனதும் திரும்பி வருகிறதென்றால், அந்தக் கை நாள் முழுக்க எதைத் தொடுகிறது என்று முதலில் கேட்க வேண்டும். ஐந்து டியூப் வாங்கும்வரை அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

வேலையால் வரும் தோலழற்சியில் பெரும்பாலானது வெறும் எரிச்சல்: ஓயாத தண்ணீர், சவர்க்காரம், ஈரச் சீமெந்தின் காரம். அது யாருக்கும் வரலாம். ஒவ்வாமை வேறு. வருஷக்கணக்காகப் பழகிய பொருளே திடீரென்று ஒருநாள் ஆகாமல் போகும். அப்புறம் பெரும்பாலும் ஆயுளுக்கும் ஆகாது. "இருபது வருஷமாத் தொடுறன், இப்பவா வரும்?" என்று வெள்ளவத்தையில் சலூன் நடத்தும் அக்கா ஒருவர் கேட்டார். அவருக்கு ஆகாதது தலைமுடி டையில் உள்ள பிபிடி (PPD) என்ற இரசாயனம்.

இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது எனக்கும் கடினம். அதற்குத்தான் ஒட்டுச் சோதனை. 1895இல் யாடசோன் என்ற வைத்தியர் தொடங்கிய முறை. சந்தேகமான பொருட்களைத் துளித்துளியாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம். நான்காம் நாள் மறுபடி பார்ப்போம். கொழும்பு வெக்கையில் முதுகை நனைக்காமல் இருப்பது லேசில்லை. நாட்கூலிக்காரருக்கு மூன்று தடவை வருவதென்றால் மூன்று நாள் சம்பளமும் போகும். ஆனாலும் மேசன் வந்தார். நான்காம் நாள் பொட்டாசியம் டைகுரோமேட் என்ற குரோமிய உப்பு ஒட்டிய இடம் சிவந்து, தடித்து, சிறு கொப்புளங்களோடு இருந்தது.

சீமெந்தில் கரைந்து வரும் குரோமியம்தான் அவருக்கு ஆகாதது. இரும்பு சல்பேட் கலந்தால் அதன் வீரியம் அடங்கிவிடும். டென்மார்க் 1983இலேயே இதைச் சட்டமாக்கியது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் இந்தக் குரோமியத்துக்குச் சீமெந்து கிலோவுக்கு 2 மில்லிகிராம்தான் எல்லை. கட்டடத் தொழிலாளரிடம் குரோமியம் ஒவ்வாமை குறைந்ததை அங்கே செய்த ஆய்வுகள் காட்டின. சீமெந்தையே மாற்றினார்கள், அதுதான் சரி என்று நினைக்கிறேன். இவ்வளவு எளிய வழி இருக்கும்போது ஒரு மேசனின் கை இப்படி வெடித்துக் கிடப்பதைப் பார்க்க மனம் கேட்பதில்லை.

அவருக்கு வேலையிடத்தில் கொடுத்திருந்தது தோல் கையுறை. தோலைப் பதனிடுவதே பெரும்பாலும் குரோமியத்தால்தான்! உள்ளே பருத்தித் துணி வைத்த நைட்ரைல் ரப்பர் கையுறைக்கு மாறச் சொன்னேன். அதற்குள்ளும் சீமெந்து புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கையைக் கழுவ வேண்டும். அதோடே வேலை செய்தால் வெறுங்கையைவிட மோசம்.

கை வெடிப்போடு தோல் வைத்தியரிடம் போகிறீர்களா? பூசிய டியூப்களை எடுத்துப் போங்கள். வேலையில் தொடுகிற சாமான்களின் லேபலையும், டை பெட்டியோ சீமெந்து மூட்டையோ கையுறையோ எதுவானாலும், போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள்.