‘துறைமுகப் பக்க மிதவை’ எந்தப் பக்கம்?

படகுப் பாதுகாப்பு பற்றித் தமிழில் வரும் கையேடுகளில் ‘துறைமுகப் பக்க மிதவை’ என்று, படகுக்கு வழி காட்டக் கடலில் மிதக்கவிடும் அடையாளம் ஒன்று அடிக்கடி தலைகாட்டுகிறது. சிவப்பு நிறமாம், உள்ளே வரும்போது அதைத் துறைமுகப் பக்கம் விட்டு வர வேண்டுமாம். உள்ளே வருகிற படகுக்குத் துறைமுகம் நேர் எதிரே இருக்கிறது. அப்புறம் எந்தப் பக்கம் விடுவது?

ஆங்கில மூலச்சொல் போர்ட். துறைமுகம் என்றும் அதற்குப் பொருள் உண்டு; ஆனால் இங்கே படகின் அணியத்தை, அதாவது முன்முனையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம், அவ்வளவுதான். பழைய கப்பல்களில் சுக்கான் வலப்புறம் இருந்ததால் இடப்புறத்தைத் துறையோடு அணைத்துச் சரக்கு ஏற்றினார்கள். பெயர் அதிலிருந்து வந்தது. முன்பு லார்போர்டு என்றிருந்ததை, வலப்புறத்தைக் குறிக்கும் ஸ்டார்போர்டு என்று காதில் விழுந்து குழப்புகிறது என்று 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை கைவிட்டது.

‘அப்படியானால் துறைமுகம் என்பதும் சரிதானே’ என்று வாதாடுபவர்கள் உண்டு. வேர் சரி, பயன் பூஜ்யம். கேட்ட நொடியில் சுக்கானைத் திருப்ப வேண்டியவர் வேரைத் தோண்டிக்கொண்டிருக்க முடியுமா? குழப்பம் தீரவென்று அவர்கள் மாற்றிய சொல்லிலிருந்தே நாம் புதுக் குழப்பத்தைப் பெற்றெடுக்கிறோம். இடப்பக்கம் என்பது ஆளைப் பொறுத்து மாறும் என்றால், அணியம் நோக்கி இடப்பக்கம் என்று முதல் பக்கத்தில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

மிதவை என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. வலையில் கட்டுவதும் மிதவைதானே என்றால், வழி காட்டுவதை வழிமிதவை எனலாம். மீனவர் வாயில் அது போயா. அப்படியே எழுதினாலும் குடி முழுகாது.

நிறத்தில் நடக்கும் கூத்துதான் படகைக் கவிழ்க்கும். ‘திரும்பி வரும்போது சிவப்பு வலப்புறம்’ என்ற அமெரிக்கச் சூத்திரத்தைச் சிலர் அப்படியே தமிழாக்கிவிடுகிறார்கள். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸில் அது சரி. இந்தியா, இலங்கை, ஐரோப்பாவில் நேர்மாறு: கடலிலிருந்து துறைமுகத்துக்குள் நுழைகையில் சிவப்பு இடப்புறம், பச்சை வலப்புறம். 1980-இல் இப்படி உலகத்தை இரண்டு வட்டாரமாகப் பிரித்து உடன்பட்டார்கள். மொழிபெயர்ப்பவர் இதைப் பார்ப்பதே இல்லை. அகராதியைப் பார்த்தால் வேலை முடிந்தது.

இன்னொரு கையேட்டில் ‘கர்தினால் மிதவை’ கண்டேன். ஆங்கிலத்தில் கார்டினல் என்றால் திருச்சபையின் கர்தினாலும் உண்டு, முதன்மைத் திசையும் உண்டு. மஞ்சளும் கறுப்புமாக நிற்கும் திசை மிதவை அது. உச்சியில் இரண்டு கறுப்புக் கூம்புகளும் மேல்நோக்கி இருந்தால், அதற்கு வடக்கே ஆழம், வடக்காகச் சுற்றிப் போ என்று பொருள். திருச்சபைக்கு அங்கே வேலை இல்லை.