மேசையை வாசிக்கும் ஸ்பீக்கர்

பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவையை ரப்பர் சுத்தியலால் தட்டியது பலருக்கு நினைவிருக்கும். கையில் பிடித்திருக்கும்வரை அது காதருகே வைத்தால்தான் கேட்கும். காம்பை மேசைமேல் ஊன்றியதும் வகுப்பு முழுக்கக் கேட்கும். கவைக்குப் புதிதாக எந்தச் சக்தியும் வந்துவிடவில்லை. மெல்லிய கவையால் தள்ள முடியாத அளவு காற்றை அகலமான பலகை தள்ளுகிறது, அவ்வளவுதான். வீணையின் குடமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

வீட்டு ஸ்டுடியோவில் மேசைமேல் ஸ்பீக்கரை வைத்துக் கேட்கிறவர்கள் தினமும் இந்தச் சோதனையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஸ்பீக்கர் ஓர் ஒலி எழுப்புகிறது. அதன் காலடியில் இருக்கும் பிளைவுட் இன்னோர் ஒலி எழுப்புகிறது. என் மேசையில் 90 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது நொடிக்கு 90 அதிர்வு என்ற கணக்கில், வரும் தாழ்ந்த பேஸ் சுரம் மட்டும் தனியாகப் பொங்கும். கிடார்க்காரர் அழுத்தி வாசித்துவிட்டார் என்று நினைத்து அந்த இடத்தை ஈக்யூவில், அதாவது ஒவ்வோர் அதிர்வெண்ணின் சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவியில், வெட்டினேன். பிறகு பாட்டைக் காரில் போட்டால் அந்தச் சுரத்தையே காணோம். மேசையின் சத்தத்தைக் குறைப்பதாக நினைத்து, பாட்டிலிருந்து எடுத்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி அதே பாட்டை ஓடவிட்டு உள்ளங்கையை மேசைமேல் வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. பலகை கைக்குக் கீழே துடித்துக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகளை எழுப்புவது வூஃபர். ஐந்து அங்குல வூஃபரில் ஆடுகிற பகுதி, அதாவது கூம்பும் கம்பிச் சுருளும், சுமார் 10 கிராம் இருக்கும். சுருள் கூம்பை முன்னே தள்ளும்போது காந்தம் பின்னே தள்ளப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. காந்தம் பெட்டியோடு திருகப்பட்டிருக்கிறது, பெட்டி மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பெட்டி நொடிக்கு 90 முறை முன்னும் பின்னும் மிக லேசாகத் தலையாட்டுகிறது. அந்த ஆட்டம் அடிப்பாகம் வழியாகப் பலகைக்கு இறங்குகிறது. பலகையின் இயல்பு அதிர்வெண்ணும், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகமும், அதே பக்கம் இருந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிட்ட மாதிரி ஆட்டம் பெருகும்.

இதைத் தடுக்க ஸ்பீக்கருக்கும் மேசைக்கும் நடுவே மெத்தென்ற ஏதாவது வேண்டும் என்பது எல்லாருக்கும் தோன்றும். எவ்வளவு மெத்தென்று என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வீட்டிலேயே பார்த்துவிடலாம். நாலைந்து ரப்பர் பேண்டுகளைச் சங்கிலியாகக் கோத்து, நுனியில் ஒரு பூட்டைத் தொங்கவிடுங்கள். கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் பூட்டும் கூடவே வரும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஒரு கட்டத்தில் பூட்டு கையைவிடப் பெரிதாகத் துள்ளும். அதுதான் அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண். இன்னும் வேகமாக அசைத்தால் பூட்டு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், கை மட்டும் ஆடும். ஸ்பீக்கர் விஷயத்தில் அதிர்வு எதிர்த்திசையில், பெட்டியிலிருந்து கீழே போகிறது. கணக்கு ஒன்றுதான். இயல்பு அதிர்வெண்ணைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேலே போனால்தான் தடுப்பு ஆரம்பிக்கும். அதற்குக் கீழே தடுப்பே இல்லை. இயல்பு அதிர்வெண்ணை ஒட்டி அதிர்வு பெருகவும் செய்யும்.

அந்த இயல்பு அதிர்வெண்ணைக் கணக்கிட ஆய்வகம் தேவையில்லை, ஒரு ஸ்கேல் போதும். ஸ்பீக்கரை வைத்ததும் அடியில் உள்ள பொருள் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் விடை ஹெர்ட்ஸில் கிடைக்கும். ஒரு மி.மீ. அமுங்கினால் சுமார் 16 ஹெர்ட்ஸ், 4 மி.மீ. அமுங்கினால் சுமார் 8. ரப்பரும் ஸ்பாஞ்சும் வேகமான அதிர்வில் இன்னும் விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால் உண்மையான எண் இதைவிடக் கொஞ்சம் கூடும். தலையாட்டும் அசைவுக்குத் தனியாக ஓர் அதிர்வெண் உண்டு. என்றாலும் வாங்கும் பொருளை எடைபோட இந்தக் கணக்கு போதும்.

இப்போது மறுபக்கம் பாருங்கள். ஸ்பீக்கருக்கு அடியில் கெட்டியான ரப்பர் ஷீட் போட்டிருக்கிறீர்கள், அது 0.1 மி.மீ. அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏ4 தாளின் கனம். இயல்பு அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ்! சின்ன ஸ்பீக்கர்களின் பேஸ் ஆரம்பிக்கிற இடமே அதுதான். காசு கொடுத்து அங்கே ஊஞ்சல் கட்டியிருக்கிறோம். ரப்பர் என்றாலே அதிர்வைத் தின்றுவிடும் என்ற நம்பிக்கை இங்கேதான் கவிழ்கிறது. ரப்பரை அழுத்தினால் அதன் கன அளவு குறைவதில்லை, பக்கவாட்டில் பிதுங்கத்தான் செய்யும். அகலமான மெல்லிய ஷீட்டுக்குப் பிதுங்க வழியில்லை, அதனால் கல் மாதிரி நிற்கும். அதே ரப்பரைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி நான்கு மூலைகளில் மட்டும் வைத்தால் நன்றாக அமுங்கும். பழைய ஹவாய் செருப்பை ஒரு சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கி வைத்துப் பாருங்கள், முழுச் செருப்பையும் வைத்ததைவிட நன்றாக வேலை செய்யும்.

ஸ்பாஞ்சிலும் இதே கதைதான். தெர்மாகோல், முட்டை அட்டை, யோகா மேட் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. போதுமான அளவு அமுங்காது. மெத்தைக் கடையிலோ சீட் கவர் தைக்கும் கடையிலோ மிஞ்சும் ஸ்பாஞ்சுத் துண்டு நல்லது, அதுவும் பாரத்துக்கு ஏற்ற மாதிரி இருக்கவேண்டும். இரண்டு அங்குல ஸ்பாஞ்சு அரை அங்குலம் அமுங்கினால் சரி. சப்பையாகிவிட்டால் அதற்கு மேல் அது ஸ்பாஞ்சே இல்லை. அப்படியானால் அகலமான துண்டு போடவேண்டும்; அமுங்கவே இல்லை என்றால் நடுவில் வெட்டி எடுத்துவிட்டு ஓரங்களில் மட்டும் விடவேண்டும். கூரான உலோக ஆணிக் கால்களை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை பெட்டி ஆடாமல் இறுக்கிப் பிடிக்க உதவும், அதிர்வைத் தடுக்காது.

நான் கடைசியில் நின்றது டென்னிஸ் பந்தில். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி, சுமார் 8 கிலோ சுமைக்குச் சாதாரணப் பந்து 5.6 முதல் 7.4 மி.மீ. வரை அமுங்கவேண்டும். ஆட்டத்துக்காக எழுதிய விதி, நமக்கு விறைப்பு அளந்து கொடுத்த ஸ்பிரிங்காகப் பயன்படுகிறது. என் ஸ்பீக்கர் 6 கிலோ. அதன் கீழே ஓர் அடிக்கு ஓர் அடி, 20 மி.மீ. கனத்தில் ஒரு கடப்பா கல். சமையலறை மேடை போடுகிற இடத்தில் வெட்டி மிஞ்சியது, சுமார் 5 கிலோ. மொத்தம் 11 கிலோ; நான்கு பந்துகளுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டே முக்கால். பந்து 2 மி.மீ. போல அமுங்கும், இயல்பு அதிர்வெண் 11 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். 50 ஹெர்ட்ஸில் கணக்குப்படி இருபதில் ஒரு பங்கு விசைதான் மேசைக்குப் போகவேண்டும்; ரப்பரின் உள் உராய்வால் நிஜத்தில் இவ்வளவு கிடைக்காது, ஆனால் வித்தியாசம் கைக்கே தெரியும்.

பந்து உருளாமல் இருக்க, ஒன்றரை அங்குல பிவிசி குழாயை அரை அங்குல உயரத்துக்கு நான்கு வளையமாக அறுத்து, அவற்றின் வாயில் பந்துகளை உட்காரவைத்தேன். கிரிக்கெட்டுக்கென்று விற்கும் கனமான ஹார்ட் டென்னிஸ் பால் வேண்டாம், அது விறைப்பு. கோர்ட்டில் ஆடிச் சலித்து ஒதுக்கிய பழைய பந்து இதற்கு இன்னும் நல்லது. குழந்தைகள் இருக்கும் வீடாக இருந்தால் பந்தை விட்டுவிட்டு ஸ்பாஞ்சோடு நில்லுங்கள். கல்லும் ஸ்பீக்கரும் சரிந்தால் கால் விரல் போய்விடும்.

ஸ்பீக்கர் மெத்தென்ற இடத்தில் நின்றால் அதுவே ஆடி ஒலி குழம்பாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூம்பு 10 கிராம், பெட்டி 6 கிலோ. கூம்பு 3 மி.மீ. போனால் தடையே இல்லாத பெட்டியும் 0.005 மி.மீ.தான் பின்வாங்கும். கல்லோடு சேர்ந்தால் அதிலும் பாதி. பயப்பட ஒன்றுமில்லை.

வேலை ஆரம்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். ஸ்பீக்கரை மேசையிலிருந்து எடுத்து, இரண்டு தலையணையை மடித்து ஸ்டூல்மேல் வைத்து அதில் நிறுத்தி, அதே பாட்டைக் கேளுங்கள். அந்தச் சுரம் பொங்குவது நின்றுவிட்டால் குற்றவாளி மேசை. அப்படியே இருந்தால் அறை. பத்தடி அறையில் சுவருக்குச் சுவர் ஒலி மோதி 57 ஹெர்ட்ஸ் பக்கம் பொங்கத்தான் செய்யும், அதைப் பந்தால் தீர்க்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரரின் புகாரையும் பெரும்பாலும் தீர்க்க முடியாது. அவருக்குப் போகும் சத்தத்தில் பெரும்பகுதி காற்று வழியாகச் சுவரைத் தாண்டுகிறது.

அளந்தே பார்க்கவேண்டும் என்பவர்களுக்கு, ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஃபைஃபாக்ஸ் என்ற செயலியை இலவசமாகக் கொடுக்கிறது. போனின் அசைவை அளக்கும் முடுக்க உணரியைப் படித்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆட்டம் என்று படம் போட்டுக் காட்டும். போனை மேசைமேல் படுக்கவைத்து, 40 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஒரே சீராக ஏறும் ஒலியை ஸ்பீக்கரில் ஓடவிடுங்கள். உணரி நொடிக்கு 200 முறை அளந்தால் 100 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம், அதாவது அளக்கும் வேகத்தில் பாதி. போன் வேண்டாம் என்றால் டம்ளரில் தண்ணீர். பந்து வைப்பதற்கு முன் என் டம்ளரில் 90 பக்கம் வந்ததும் நீர்ப்பரப்பு முழுக்கப் பொடிச் சுருக்கங்கள் எழுந்தன. வைத்த பிறகு அதே ஒலிக்குத் தண்ணீரில் ட்யூப்லைட்டின் பிம்பம் உடையாமல் நின்றது.

பந்தும் கல்லும் சேர்ந்து ஸ்பீக்கரை மூன்றரை அங்குலம் தூக்கிவிட்டன, உயர்ந்த ஒலிகளை எழுப்பும் ட்வீட்டர் காது உயரத்துக்கு வந்தது. அப்புறம், பின்னால் போகும் ஒயர்களை இழுத்துக் கட்டாதீர்கள். தொய்வாக ஒரு வளையம் விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அதிர்வு அந்த வழியாக மேசைக்கு இறங்கிவிடும்.