விறைச்சுப் போன விரல் திடீர்னு ஏன் சூடாகுது?

வாசகர் ஒருத்தர் மெயில் போட்டிருந்தார். வாழ்நாள் பூரா வெயில்லயே இருந்த மனுஷன், இப்ப வேலைக்காக பஸ் எப்பவாவதுதான் எட்டிப் பாக்குற ஒரு குளிர் கிராமத்துக்கு குடி போயிருக்கார். அவர் கேள்வி இதுதான்: "பக்கத்து வீட்டுப் பெரியவர் பனி கொட்டுற நேரத்துல வெறும் கையால இரும்பு கேட்டு கொக்கிய அவுத்து மாட்டுறார், எனக்கு கையுறைக்குள்ளயே விரல் நுனி உயிர் போகுது. 'நீங்க வெளியூரு, ரத்தம் தண்ணி மாதிரி இருக்கும், ஒரு சீசன் போகட்டும் கெட்டிப்படும்'னு சிரிக்கிறார். நிஜமாவே பழகுமா சார்?"

ரத்தம் கெட்டிப்படுற கதைய முதல்ல தள்ளி வச்சிடுவோம். வெளியூர்க்காரர் ரத்தமும் உள்ளூர்க்காரர் ரத்தமும் ஒன்னுதான், வித்தியாசம் ஏதாச்சும் இருந்தா அது அந்த ரத்தத்த விரலுக்கு விடலாமா வேணாமான்னு முடிவு பண்ற வால்வுலதான் இருக்கு.

ஸ்கூல்ல படிச்சதுதான், வேகமா சொல்லிடுறேன். உடம்போட உள்பக்கம், அதாவது மூளை, இதயம், நுரையீரல், ஈரல் எல்லாம் 37 டிகிரி கிட்டயே இருந்தாகணும், கை கால் தோல் எப்படிப் போனாலும் உடம்புக்கு அவ்வளவா கவலை இல்ல. குளிர் பட்டதும் மூளையில இருக்குற ஹைப்போதலாமஸ்ங்கற பகுதி தோலுக்குப் போற ரத்தக்குழாய சுருக்கச் சொல்லும், அது போதலன்னா தசைய நடுங்க வச்சு சூடு உண்டாக்கும். இதோட கை ரத்தக்குழாய்ல இன்னொரு வேலையும் நடக்குது, விரல்ல இருந்து ஜில்லுன்னு திரும்பி வர்ற ரத்தம் உள்பக்க சிரை வழியா வருது, அது பக்கத்துலயே ஓடுற தமனியில இருக்குற சூட்ட வாங்கிட்டு இதயத்துக்குப் போயிடுது. அதனால கைக்குப் போற ரத்தம் மணிக்கட்டுக்கு வர்றதுக்குள்ளயே பாதி ஆறிடும். மொத்தத்துல குளிர்ல உடம்பு முதல்ல கைவிடுறது விரலத்தான்.

ஆனா முழுசா கைவிடல, எனக்கு ரொம்ப பிடிச்ச இடமே இதுதான்.

1930-ல தாமஸ் லூயிஸ்னு ஒரு பிரிட்டிஷ் இதய டாக்டர், விரல ஐஸ் தண்ணிக்குள்ள விட்டு அதோட வெப்பநிலைய நிமிஷத்துக்கு நிமிஷம் குறிச்சுப் பாத்தார். எதிர்பாத்த மாதிரியே சரசரன்னு இறங்கி கிட்டத்தட்ட தண்ணியோட குளிருக்கே வந்துடுச்சு, அங்கயே கிடக்கும்னு பாத்தா ஒரு 5, 10 நிமிஷம் கழிச்சு தானா ஏற ஆரம்பிக்குது! விரல் இன்னும் ஐஸ் தண்ணிக்குள்ளதான் இருக்கு. ஏறி கொஞ்ச நேரம் நின்னு மறுபடி இறங்குது, மறுபடி ஏறுது. ஒரு அளவ தேடி மேலயும் கீழயும் அலையிற மாதிரி இருந்ததால இதுக்கு ஹன்டிங் ரியாக்‌ஷன்னு பேரு வந்துச்சு.

நானும் வீட்டுல செஞ்சு பாத்தேன். கிண்ணத்துல ஐஸ் தண்ணி, நடுவிரல் மட்டும் நகம் முங்குற வரைக்கும், எதிர்ல கடிகாரம். முதல் நிமிஷம் எலும்புக்குள்ள யாரோ ஸ்க்ரூ திருகுற மாதிரி வலி, மூணாவது நிமிஷத்துல மரத்துப் போய் இது என் விரலே இல்லங்கற மாதிரி ஆயிடுச்சு, கைய எடுத்துடலாமான்னு யோசிச்சிட்டு இருக்கும்போது எட்டாவது நிமிஷம் வாக்குல நகத்துக்கு அடியில 'டுக் டுக்'னு ஒரு துடிப்பு, அதுக்குப் பின்னாடியே மெல்ல ஒரு கதகதப்பு. வெளிய எடுத்தா அந்த ஒரு விரல் மட்டும் செக்கச்செவேல்னு நிக்குது. (சுகர் இருக்குறவங்க, குளிர்ல விரல் வெள்ளையாகுற பிரச்சினை உள்ளவங்க இத செய்யாதீங்க.)

எப்படி நடக்குது? விரல் நுனி, நகத்தடி, உள்ளங்கை, பாதம், காது, மூக்கு, உதடு, இங்கெல்லாம் தமனியையும் சிரையையும் நேரா இணைக்கிற குட்டி பைபாஸ் குழாய் நிறைய இருக்கு. சாதாரணமா ரத்தம் தந்துகிங்கற மயிரிழைக் குழாய்க்குள்ள நுழைஞ்சு நுழைஞ்சு மெதுவாதான் போகும், இந்த பைபாஸ் திறந்தா கொட்டிட்டு போகும். ஆக்ஸிஜன் கொடுக்கறது இதோட வேலை இல்ல, சூட்டக் கொண்டு வர்றதும் வெளிய தள்ளுறதும்தான் வேலை. சுத்தி தடியா தசைச்சுவர், அதுல நரம்பு. நரம்பு நார்அட்ரினலின்ங்கற ரசாயனத்த விட்டா இறுகும், விடலன்னா திறக்கும்.

இதுக்கு மேல ஒரு நுணுக்கம் இருக்கு. அந்தத் தசை செல்லுக்குள்ள நார்அட்ரினலினப் பிடிக்கிற ஒரு வகை ஏற்பி, ஆல்ஃபா-2சி-ன்னு பேரு, சாதாரண சூட்டுல செல்லுக்கு உள்ளயே பதுங்கிக் கிடக்கும், வெளிய தலைகாட்டாது. குளிர் பட்டா போதும், கிளம்பி செல்லோட மேற்பரப்புக்கு வந்து உக்காந்துக்கும். அதனால நரம்புல இருந்து அதே அளவு சிக்னல் வந்தாலும் குளிர்ந்த குழாய் பல மடங்கு இறுக்கமா மூடும். அதாவது விரல் தன்னோட குளிர தானே அளந்து பூட்ட இன்னும் ஒரு சுத்து திருகிக்குது, மூளைய கேக்கறதே இல்ல.

அப்புறம் ஏன் திறக்குது? பூட்டுனதே பூட்டோட எதிரி ஆயிடுது. ரத்தம் வரலன்னா விரல் இன்னும் குளிரும், ரொம்பக் குளிர்ந்தா தசைக்கு இறுக்கிப் பிடிக்க தெம்பு இருக்காது, நரம்பு நுனியும் நார்அட்ரினலின் விடாம மரத்துப் போயிடும். பிடி நழுவி சூடான ரத்தம் பாயுது, பாஞ்சதும் தசைக்கும் நரம்புக்கும் உயிர் வருது, உயிர் வந்ததும் முதல் வேலையா மறுபடி மூடுது! லூயிஸ் இத நரம்போட அனிச்சைச் செயல்னு சொன்னார், பின்னாடி வந்தவங்க தசை, நரம்பு நுனின்னு வேற வேற இடத்துல பழியப் போட்டாங்க, 90 வருஷத்துக்கு மேல ஆகியும் வழக்கு முடியல. என்னக் கேட்டா இதுக்கு ஒரு காரணம் பணம். இதுல விக்கிறதுக்கு மாத்திர இல்ல, அதனால ராணுவமும் சில உடலியல் ஆய்வகமும் தவிர இந்தப் பக்கம் காசு போட ஆள் கம்மி.

சரி, பழகுமாங்கற கேள்விக்கு வர்றேன். நாள் பூரா ஐஸ்ல கைய வச்சு மீன் வெட்டுற பிரிட்டிஷ் தொழிலாளிங்கள 1962-ல சோதிச்சாங்க, அந்த சூடு அலை அவங்களுக்கு மத்தவங்களவிட சீக்கிரம் வந்துச்சு, வலியும் கம்மி. பழக்கம்தான்னு உடனே முடிவு கட்டிடலாம், ஆனா தாங்க முடியாதவன் முதல் மாசமே வேலைய விட்டுட்டு போயிருப்பான்ல? மிச்சம் நின்னவங்க கையத்தான் அளந்திருக்காங்களோ என்னவோ. புதுசா ஆளுங்கள கூட்டி வந்து வாரக்கணக்கா ஐஸ் தண்ணியில கைய விட வச்சுப் பாத்தா ரிசல்ட் ஒரே மாதிரி வரல, சில ஆய்வுல கொஞ்சம் தேறுச்சு, சிலதுல மாற்றமே இல்ல, சிலதுல விரல் முன்னவிட மோசமாவே குளிர்ந்துச்சு. ஆனா வலி மட்டும் பெரும்பாலும் எல்லாருக்கும் குறைஞ்சுது. வெளியூர்க்காரர் கவனிக்க வேண்டியது இதத்தான்: வலி பழகிடும், அதுக்காக விரலும் பழகிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ரெண்டாவது மாசம் "இப்பல்லாம் எனக்கு குளிரே தெரியல"ன்னு கையுறைய கழட்டுற ஆளுக்கு எச்சரிக்கை மணி சத்தம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்.

உடம்பு முழுசா பழகறது வேற கதை, அதுக்கு சாட்சி இருக்கு. 2013-ல வந்த ஒரு டச்சு ஆய்வுல 17 பேர தினம் 6 மணி நேரம் 15, 16 டிகிரி ரூம்ல உக்கார வச்சாங்க, 10 நாள்ல நடுக்கம் குறைஞ்சு, சூடு உண்டாக்குற பழுப்புக் கொழுப்பு சுறுசுறுப்பாச்சு.

விரலுக்கு நிச்சயமா வேலை செய்யற வழி ஒன்னு இருக்கு, கேட்டா சப்புன்னு இருக்கும்: மார்பையும் வயித்தையும் சூடா வைங்க. உள்பக்கம் சூடு தாராளமா இருந்தா அந்தக் கதகதப்பு அலை சீக்கிரமா வரும், பெருசா வரும், உள்பக்கம் குளிர்ந்துட்டா ரொம்ப பலவீனமாத்தான் வரும், வராமலும் போகலாம். தடிமனான கையுறை வாங்கறதுக்கு முன்னாடி உள்ள இன்னொரு ஸ்வெட்டர் போட்டுப் பாருங்க. பெரியவர் கைய பாத்த நம்ம வாசகர் அவர் எத்தன சட்டை போட்டிருந்தார்னு பாக்கலன்னு நினைக்கிறேன்.

யாராச்சும் ஒரு பெக் போட்டா சூடாகும்னு சொல்வாங்க. சூடான மாதிரி தெரியும், ஏன்னா தோல் குழாய் விரிஞ்சு உள்சூடு வெளிய ஓடுது. விறைச்ச விரல்ல பனிய வச்சுத் தேய்க்கச் சொன்னாலும் கேக்காதீங்க. இதுக்கு ஒரு பெரிய பேரு பின்னாடி இருக்கு, நெப்போலியன் படையோட சர்ஜன் லாரே. 1812-ல ரஷ்யாவுல இருந்து பின்வாங்கும்போது, விறைச்ச காலோட நெருப்புக்கிட்ட உக்காந்த சிப்பாய்ங்களுக்கு கால் வெந்து போறதையும், மறுநாள் நடக்கும்போது மறுபடி உறைஞ்சு அழுகுறதையும் பாத்துட்டு, மெதுவா சூடேத்தணும், பனியால தேய்ங்கன்னார். அவர் கண்ணு பாத்தது சரி, மருந்துதான் தப்பு. நூறு வருஷத்துக்கு மேல அதையே செஞ்சாங்க. இப்ப சொல்றது 37-லருந்து 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணியில முக்கறது, அதுவும் மறுபடி உறையாதுன்னு உறுதியா தெரிஞ்சா மட்டும், தேய்க்கவே கூடாது.

மெயில் கடைசியில கூச்சத்தோட இன்னொன்னும் கேட்டிருந்தார், இங்க வந்ததுலருந்து அடிக்கடி ஒன்னுக்கு வருது, சுகரா இருக்குமோன்னு. தாகமும் சேந்து அதிகமா இருந்தா டெஸ்ட் எடுத்துடுங்க சார். மத்தபடி இதுவும் அதே வால்வு வேலைதான். கை கால் குழாய் எல்லாம் சுருங்கி ரத்தம் நடு உடம்புல வந்து சேருது, தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு உடம்பு தப்புக் கணக்குப் போட்டு கிட்னிய திறந்து விடுது. அதனால குளிர்தானேன்னு தண்ணி குடிக்கறத குறைச்சிடாதீங்க.