ஏஐஎஃப்எஃப்: யார் நடத்துகிறார்கள், பதிவு எப்படி நடக்கிறது, எங்கே சிக்கும்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை எல்லோரும் ஏஐஎஃப்எஃப் என்றே சொல்கிறார்கள். இது அரசுத் துறை அல்ல. மாநிலக் கால்பந்துச் சங்கங்கள் சேர்ந்து அமைத்த ஒரு சங்கம். விளையாட்டு அமைச்சகம் இதைத் தேசிய விளையாட்டுக் கூட்டமைப்பாக அங்கீகரித்திருக்கிறது. உலகக் கால்பந்தை நடத்தும் ஃபிஃபாவும் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பான ஏஎஃப்சியும் இதை உறுப்பினராக வைத்திருக்கின்றன. அமைச்சகத்தின் அங்கீகாரம் போனால் அரசு நிதி நிற்கும். ஃபிஃபா உறுப்புரிமை போனால் தேசிய அணி முதல் கிளப் வரை யாரும் வெளிநாட்டு அணியோடு அதிகாரபூர்வமாக ஆட முடியாது.

இது 2022-ல் நேரிலேயே நடந்தது. அப்போதைய தலைவர் பிரஃபுல் படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் மூன்று பேர் கொண்ட நிர்வாகக் குழுவை நியமித்தது. நீதிமன்றத்தின் நோக்கம் சரியாகவே இருந்தாலும், ஃபிஃபா சட்டத்தின்படி உறுப்பினர் சங்கத்தை வெளியாள் நிர்வகிக்கக் கூடாது. ‘மூன்றாம் தரப்புத் தலையீடு’ என்று காரணம் சொல்லி ஆகஸ்ட் மத்தியில் இந்தியாவை இடைநீக்கம் செய்தார்கள். ஆசியக் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கிய கோகுலம் கேரளா மகளிர் அணி பந்தைத் தொடாமலே திரும்பியது. அக்டோபரில் இங்கே நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையும் கேள்விக்குறியானது. நிர்வாகக் குழுவை நீதிமன்றம் கலைத்ததும் ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியது. செப்டம்பர் 2 தேர்தலில் கல்யாண் சௌபே 33-1 என்ற கணக்கில் இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவைத் தோற்கடித்தார். வாக்கு வீரர்களிடம் இல்லாமல் மாநிலச் சங்கங்களிடம் இருந்தது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

அந்தக் குறையை ஓரளவு சரிசெய்யத்தான் புதிய அமைப்புச் சட்டம். ஓய்வுபெற்ற நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தயாரித்த வரைவை 2025 செப்டம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் சில திருத்தங்களுடன் ஏற்றது. செயற்குழுவில் 14 பேர். அதில் ஐந்து இடம் முன்னாள் வீரர்களுக்கு, அந்த ஐந்தில் இரண்டு பெண்களுக்கு.

பழைய கதை சுருக்கமாக. 1893-ல் கல்கத்தாவில் தோன்றிய ஐஎஃப்ஏதான் நீண்ட காலம் ‘இந்தியக் கால்பந்துச் சங்கம்’ என்ற பெயரோடு எல்லாவற்றையும் நடத்தியது. பெயர் இன்றும் அதுவே. ஆனால் இப்போது அது மேற்கு வங்கத்தின் மாநிலச் சங்கம் மட்டும். ஏஐஎஃப்எஃப் 1937 ஜூன் 23 அன்று சிம்லாவில் உருவானது, 1948-ல் ஃபிஃபாவில் சேர்ந்தது. 1954-ல் ஏஎஃப்சி தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் ஒன்று. 1951, 1962 ஆசிய விளையாட்டுத் தங்கமும் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் நான்காம் இடமும் அந்தக் காலத்துச் சொத்து. தேசிய லீக் 1996-ல்தான் வந்தது. அது 2007-ல் ஐ-லீக் ஆனது, 2014-ல் பக்கத்திலேயே ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) முளைத்தது. 2010-ல் வணிக உரிமையைத் தனியார் நிறுவனத்துக்கு 15 ஆண்டுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் கொடுத்ததன் பின்விளைவு இது. அந்த ஒப்பந்தம் முடியும் நேரத்தில் அடுத்தது கையெழுத்தாகாததால் 2025-26 ஐஎஸ்எல் சீசன் உரிய காலத்தில் தொடங்கவில்லை.

பதிவு

வீரருக்கும் பெற்றோருக்கும் தினசரி வேலை இந்தப் பகுதியோடுதான். எந்த வீரரும் தில்லியில் உள்ள ஏஐஎஃப்எஃப்புக்கு நேராக விண்ணப்பிக்க முடியாது. கிளப்தான் சிஆர்எஸ் எனப்படும் மையப் பதிவு முறையில் விவரங்களை ஏற்றும். மாநிலச் சங்கம் (இங்கே தமிழ்நாடு கால்பந்துச் சங்கம்) சரிபார்க்கும். ஒருவருக்கு ஒரு எண், அது கிளப் மாறினாலும் கூடவே வரும். பயிற்சி மையம் சட்டை கொடுத்துக் கட்டணம் வாங்கிவிட்டால் பதிவு ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மூரில் அதிகம் சிக்குவது பெயர். பிறப்புச் சான்றிதழில் கார்த்திக், பள்ளிச் சான்றிதழில் மு. கார்த்திக், பாஸ்போர்ட்டில் கார்த்திக் முருகேசன். மூன்றும் ஒரே பையன்தான், ஆனால் கணினிக்கு மூன்று பேர். பாஸ்போர்ட்டில் எப்படி வரப்போகிறதோ அப்படியே முதல் பதிவிலிருந்து போடுவது நல்லது. அடுத்தது பிறந்த தேதி. சான்றிதழில் பிறந்த நாளைப் பார்ப்பதைவிட, பிறப்பு என்றைக்குப் பதிவானது என்பதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். பத்து வருடம் கழித்துப் பதிவான சான்றிதழ் வயதுக் குறைப்புச் சந்தேகத்தைக் கிளப்பும். ஃபிஃபா 2009 முதல் 17 வயதுக்குட்பட்ட உலகக் கோப்பையில் மணிக்கட்டு எம்ஆர்ஐ பார்க்கிறது. எலும்பு வளரும் இடமான வளர்தட்டு முழுதாக மூடியிருந்தால் வயது கடந்தவர் என்றே எடுத்துக்கொள்வார்கள், எந்தச் சான்றிதழும் காப்பாற்றாது.

ஒரு சீசனில் ஒருவர் அதிகபட்சம் மூன்று கிளப்பில் பதிவாகலாம். அதிகாரபூர்வ ஆட்டம் இரண்டுக்கு மட்டும். தொழில்முறை ஒப்பந்தம் அதிகபட்சம் ஐந்து ஆண்டு, 18 வயது ஆகாதவருக்கு மூன்று ஆண்டு. 18-க்குக் கீழ் வெளிநாட்டுக் கிளப்புக்கு மாற்றுவது பொதுவாகவே தடை, விதிவிலக்குகள் சில உண்டு. ‘ஐரோப்பாவில் சேர்த்துவிடுகிறேன்’ என்று 15 வயதுப் பையனின் பெற்றோரிடம் முன்பணம் கேட்பவரிடம், எந்த விதிவிலக்கில் என்று எழுத்தில் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

தேசிய அணிக்கு இந்தியப் பாஸ்போர்ட் கட்டாயம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை போதாது. இது ஏஐஎஃப்எஃப் போட்ட விதி என்று பலர் திட்டுகிறார்கள், உண்மையில் மத்திய அரசின் கொள்கை. இந்திய வம்சாவளி வீரர் இசுமி அராட்டா ஜப்பான் குடியுரிமையை விட்டபிறகுதான் இந்தியாவுக்கு ஆடினார்.

சின்னக் கிளப்புக்கு வரவேண்டிய பணம்

சர்வதேச இடமாற்றத் தொகையில் 5 சதவீதம், அந்த வீரரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு சீசனுக்கும் மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை சீசனுக்கு 0.5 சதவீதம். 12 வயதில் வந்து 15 முடியும்வரை ஒரு மாவட்டக் கிளப்பில் ஆடியவர் பின்னாளில் 2 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டால் அந்தக் கிளப்புக்கு 2 லட்சம். இதுபோக, வீரர் முதன்முறை தொழில்முறை ஒப்பந்தம் போடும்போது, பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குச் சேரும் பயிற்சி ஈட்டுத்தொகை தனி.

இது கைக்கு வராமல் போவதற்கு ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: அந்த நான்கு வருடமும் பையன் பதிவில் இல்லை. வீரரின் பதிவு வரலாற்றை வைத்துத்தான் யாருக்கு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். கோப்பையோடு எடுத்த குழுப் படமோ வருகைப் பதிவேடோ அங்கே செல்லாது. பதிவுச் செலவையும் அலைச்சலையும் பார்த்து, போட்டி இருக்கும் வருடம் மட்டும் பதியும் கிளப் பின்னால் வரும் பங்கை இழக்கிறது.

சம்பளம் நின்றால்

ஃபிஃபா விதியில் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், கிளப்புக்கு எழுத்து மூலம் 15 நாள் கெடு கொடுக்க வேண்டும். அதற்குள்ளும் வராவிட்டால் வீரர் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். கெடு கொடுக்காமல் கோபத்தில் ஊருக்குக் கிளம்பினால் ஒப்பந்தத்தை மீறியவர் வீரர் என்று ஆகிவிடும். வாட்ஸ்அப் குரல் பதிவை நம்ப வேண்டாம். மின்னஞ்சல் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய வீரர், இந்தியக் கிளப் என்றால் ஏஐஎஃப்எஃப்பின் வீரர் நிலைக் குழு விசாரிக்கும், அதன் மேல் மேல்முறையீட்டுக் குழு. வெளிநாட்டு வீரர் ஃபிஃபாவின் கால்பந்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டு தாண்டிவிட்டால் அங்கே மனுவையே எடுக்க மாட்டார்கள்.