குவாரன்டைன்: தமிழில் தடைக்காப்பு

குவாரன்டைன் என்ற சொல்லுக்குள் நாற்பது என்ற எண் இருக்கிறது. வெனிஸ் மக்களின் பேச்சில் 'குவாரந்தேனா' என்றால் நாற்பது நாள். எதற்கு நாற்பது நாள்? கப்பல் காத்திருப்பதற்கு.

1347இல் கருங்கடல் பக்கமிருந்து வந்த ஜெனோவா வணிகக் கப்பல்கள் சிசிலியின் மெசினா துறைமுகத்தை அடைந்தன. சரக்கோடு பிளேக்கும் இறங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு மக்களாவது மாண்டிருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. துறைமுகத்தை மூடினால் பிழைப்பு போகும், திறந்துவிட்டால் உயிர் போகும். வணிகத்தையே நம்பியிருந்த ரகூசா (இன்றைய குரோவேசியாவின் துப்ரோவ்னிக்) 1377இல் இதற்கு ஒரு வழி கண்டது. நோய் பரவிய ஊர்களிலிருந்து வருபவர்கள் நகருக்குள் நுழையுமுன் வெளியே 30 நாள் தங்க வேண்டும். பிற்பாடு அந்த முப்பதுதான் நாற்பதாகியது. அவர்கள் வணிகத்தை நிறுத்தவில்லை, காக்க வைத்தார்கள். இந்தச் சொல்லின் உயிர் அதில்தான் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? கொரோனா காலத்தில் 'தனிமைப்படுத்தல்' என்றே எழுதினோம். ஐசொலேஷனுக்கும் அதே சொல்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நோய் கண்டவரைப் பிரித்து வைப்பது ஐசொலேஷன். நலமாகத் தெரிபவரை, ஒருவேளை தொற்றியிருக்கலாம் என்று காத்திருக்கச் செய்வது குவாரன்டைன். வெளிநாட்டிலிருந்து வந்து 14 நாள் வீட்டோடு இருந்தவரை அக்கம்பக்கத்தார் நோயாளியாகவே பார்த்து ஒதுங்கினார்களே, அந்த வேதனையில் இந்தச் சொல் குழப்பத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

'தடைக்காப்பு' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதுவே சரி என்பேன். குவாரன்டைன் மனிதருக்கு மட்டுமல்ல, எல்லை தாண்டி வரும் விதைக்கும் நாற்றுக்கும் ஆடுமாட்டுக்கும் உண்டு. ஒரு மூட்டை விதையைத் 'தனிமைப்படுத்தினோம்' என்றால் ஒட்டவில்லை, 'தடைக்காப்பில் வைத்தோம்' என்றால் ஒட்டுகிறது.

பாய்மரக் காலத்தில் பயணமே வாரக்கணக்கில் நீண்டதால் பல நோய்கள் நடுக்கடலிலேயே வெளிப்பட்டுவிடும். விமானம் அந்த இடைவெளியை விழுங்கிவிட்டது. 2003 பிப்ரவரியில் ஹாங்காங்கின் ஒரு ஹோட்டலில், சார்ஸ் தொற்றிய மருத்துவர் ஒருவர் தங்கினார். அதே தளத்தில் தங்கியிருந்த பயணிகள் வழியே ஹனோய், சிங்கப்பூர், டொராண்டோ என்று நோய் பரவியது. டொராண்டோவுக்குத் திரும்பிய பெண்ணுக்கு, ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் காய்ச்சல் வந்தது. விமான நிலையத்தில் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. இப்படிப்பட்டவருக்குத் தேவைப்படுவது தனிமைப்படுத்தல் அல்ல, தடைக்காப்பு.

அதனால் எழுதும்போது இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். 'தடைக்காப்பில் இருக்கிறார்' என்றால் நோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 'தனிமைப்படுத்தப்பட்டிருக்கிறார்' என்றால் நோய் உறுதியாகிவிட்டது.