தொட்டுக்கொள்ளாத செம்பும் இரும்பும்: சுதந்திர தேவி சிலை நிற்கும் விதம்

நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையைப் பார்த்தால் கெட்டியான ஒரே வார்ப்பு போலத் தெரியும். உண்மையில் உள்ளே வெற்றிடம்தான். வெளியே தெரிவது 2.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புத் தகடு மட்டுமே. பாதத்திலிருந்து தீப்பந்தத்தின் நுனி வரை 46 மீட்டர் உயரம். செம்பின் எடை மட்டும் ஏறக்குறைய 28 டன். அவ்வளவு மெல்லிய தகடு அவ்வளவு உயரத்துக்குத் தானாக நிற்காது. உள்ளே ஓர் இரும்புக் கூடு அதைத் தாங்குகிறது. 1886 அக்டோபர் 28 அன்று திறக்கப்பட்ட நாளிலிருந்து உப்புக் காற்றுக்கும் பனிக்கும் வெயிலுக்கும் நடுவே செம்பும் இரும்பும் ஒரே உடம்பாக நிற்கின்றன. இரண்டையும் இணைத்தது பெரிய வேலைதான். இணைத்த பிறகு ஒன்றையொன்று தொடாமல் வைத்திருப்பது அதைவிடப் பெரிய வேலை. நூறு வருடம் கழித்துச் சிலையை உள்ளிருந்து புதுப்பிக்க வேண்டி வந்ததற்கும் அதுவே காரணம்.

இது பிறந்ததே இரண்டு நாட்டு மக்களின் காசில். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்ததைக் கொண்டாடி ஒரு நினைவுச் சின்னம் எழுப்பலாம் என்று யோசனை சொன்னவர் லபுலாயே என்ற பிரெஞ்சுச் சட்ட அறிஞர். சிற்பி பார்த்தோல்டி. சிலை பிரெஞ்சு மக்களின் செலவு, பீடம் அமெரிக்க மக்களின் செலவு என்று ஏற்பாடு. பீடத்துக்குப் பணம் சேராமல் இழுத்தடித்தபோது, 1885-ல் பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் களத்தில் இறங்கினார். எவ்வளவு சிறிய தொகை என்றாலும் கொடுத்தவர் பெயர் பத்திரிகையில் வரும் என்றார். 1,20,000-க்கும் அதிகமானவர்கள் கொடுத்தார்கள், 1 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பெரும்பாலானவர்கள் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. அரசுகள் கைகுலுக்கி எழுப்பிய சின்னங்கள் உலகில் நிறைய உண்டு. சாதாரண ஜனங்கள் இரு கரையிலிருந்தும் காசு போட்டு எழுப்பியது என்பதாலேயே இந்தச் சிலை மேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, தகட்டுக்கு வருவோம். வெண்கலத்தில் வார்த்திருந்தால் எடை பல மடங்காகியிருக்கும். அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோவதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. அதனால் பார்த்தோல்டி பழைய தட்டு வேலையைத் தேர்ந்தெடுத்தார். சிறிய மாதிரியைப் படிப்படியாகப் பெரிதாக்கி, கடைசியில் ஒவ்வொரு பகுதியையும் முழு அளவில் சாந்தில் செய்தார்கள். அதன் மேடுபள்ளங்களுக்குப் பொருந்தும்படி மர அச்சுகள் தயாராயின. அந்த அச்சில் செம்புத் தகட்டை வைத்து, பின்பக்கத்திலிருந்து சுத்தியலால் தட்டித் தட்டி வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். தட்டத் தட்டச் செம்பு இறுகிவிடும். உலோகப் படிகங்களுக்குள் அடுக்குகள் நழுவி, ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்வதால் வரும் இறுக்கம் அது. சூடுபடுத்தினால் படிகங்கள் புதிதாக அமைந்து மறுபடி இளகும். இப்படி உருவான சுமார் 300 தகடுகள் பாரிஸ் பட்டறையிலேயே ஒருமுறை முழுச் சிலையாக நின்றன. அப்புறம் கழற்றப்பட்டு, 214 பெட்டிகளில் இசேர் என்ற கப்பலில் ஏறி 1885-ல் நியூயார்க் வந்து சேர்ந்தன.

உள்ளே என்ன வைப்பது என்பதில்தான் கதை திரும்பியது. முதலில் இதைக் கவனித்த கட்டடக்கலைஞர் வியோலெ-லெ-துக் 1879-ல் இறந்துபோனார். அவர் சிலையின் கீழ்ப்பகுதியைக் கனத்தால் நிறுத்த நினைத்திருந்தார். அவருக்குப் பின் வந்தவர் குஸ்தாவ் ஐஃபல். பெரிய ரயில் பாலங்கள் கட்டியவர் என்பதால், உயரமான ஒரு பொருளுக்கு முதல் எதிரி அதன் எடை இல்லை, காற்று என்பது அவருக்குத் தெரியும். அவர் வைத்தது நான்கு கால் இரும்புக் கோபுரம். பீடத்துக்குள் புதைந்த உத்திரங்களோடு அது பிணைக்கப்பட்டிருக்கிறது. கோபுரத்தைச் சுற்றி இலேசான இரண்டாவது சட்டம். அதிலிருந்து தட்டையான இரும்புப் பட்டைகள் வெளியே நீண்டு, வில்லாக வளைந்து கொடுக்கும். அவற்றின் முனையில், சிலையின் உள்வடிவத்துக்கு ஏற்ப வளைக்கப்பட்ட இன்னொரு பட்டை வலை. அதன் மேல்தான் செம்பு நிற்கிறது. இதில் செம்பு எதையும் தாங்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கீழ்த் தகடு மேல் தகட்டைச் சுமக்காது; ஒவ்வொரு தகடும் தன் எடையைத் தனக்கு நேர் பின்னால் இருக்கும் பட்டைக்குக் கொடுத்துவிடும். இன்றைய உயரமான கட்டடங்களில் கண்ணாடிச் சுவர் சுமை தாங்காமல் சட்டத்தில் தொங்குவதும் இதே தத்துவம்தான்.

தகடும் பட்டையும் சந்திக்கும் இடத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அங்கே ரிவெட் அடித்து இரண்டையும் இறுக்கவில்லை. செம்பில் செய்த ஒரு சிறு கவ்வி, பட்டையின் மேலாக வளைந்து, இரு பக்கமும் தகட்டில் ரிவெட் செய்யப்பட்டிருக்கிறது. பேண்ட்டில் பெல்ட் நுழைகிற வளையத்தைப் போல. பட்டை அதற்குள் நழுவலாம், ஆனால் வெளியே வர முடியாது.

இந்த நழுவல் எதற்கு? ஒரு சின்னக் கணக்கு போட்டாலே தெரிந்துவிடும். ஒரு மீட்டர் செம்பு, வெப்பம் ஒரு டிகிரி கூடினால், மீட்டரில் பத்து லட்சத்தில் 17 பங்கு நீளும். இரும்பு 12 பங்கு. குளிர்காலத்துக்கும் கோடைக்கும் 50 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 46 மீட்டர் உயரத்தில் செம்பு ஏறக்குறைய 39 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும், இரும்பு 28-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். இடைவெளி 11 மில்லிமீட்டர். இரண்டையும் இறுக்கிக் கட்டியிருந்தால் அந்த 11 மில்லிமீட்டரும் தகட்டைக் கிழிக்கும் விசையாகியிருக்கும். வெயில் ஒரு பக்கம் மட்டும் அடிக்கும்போது ஒரு தோள் நீண்டு மறு தோள் நீளாமல் இருப்பது வேறு. கவ்விக்குள் நழுவ இடம் இருப்பதால் சிலை தினமும் சத்தமில்லாமல் விரிந்து சுருங்குகிறது. காற்றுக்கும் அப்படித்தான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகக் காற்றில் சிலை 7 சென்டிமீட்டருக்கு மேல் ஆடும், தீப்பந்தம் 15 சென்டிமீட்டர் வரை ஆடும். ஆடாமல் விறைத்து நின்றிருந்தால் எப்போதோ முறிந்திருக்கும்.

வெப்பத்தையும் காற்றையும் ஐஃபல் ஜெயித்தார். மூன்றாவது ஒன்று மிச்சமிருந்தது.

1761-ல் பிரிட்டிஷ் கடற்படை, அலாரம் என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு போர்த்தியது. மரத்தை அரிக்கும் கடல் புழுக்களிடமிருந்து காப்பாற்றத்தான். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் தகடு பல இடங்களில் கழன்று கிடந்தது. செம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் உளுத்துப் போயிருந்தன. ஆனால் சில ஆணிகள் மட்டும் நன்றாகவே இருந்தன. தகடு வந்தபோது சுற்றியிருந்த பழுப்புக் காகிதம் சில இடங்களில் உரிக்கப்படாமல், ஆணிக்கும் செம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. காகிதம் இருந்த இடத்தில் ஆணி பிழைத்தது.

காரணம் அன்று யாருக்கும் தெரியாது. வோல்டா மின்கலம் செய்தது 1800-ல்தான். இரும்பு, செம்பைவிட எளிதாக எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். இரண்டும் தொட்டுக்கொண்டு, நடுவே உப்புத் தண்ணீரும் இருந்தால் அது ஒரு மின்கலம். நிஜமான மின்சாரம் ஓடும். இரும்பிலிருந்து எலக்ட்ரான்கள் செம்புக்குள் போகும். செம்பின் மேற்பரப்பில் தண்ணீரும் ஆக்சிஜனும் அவற்றை வாங்கிக்கொள்ளும். எலக்ட்ரானை இழந்த இரும்பு அணுக்கள் கரைந்து துருவாகும். செம்பின் பரப்பு பெரிதாகவும் இரும்பின் பரப்பு சிறிதாகவும் இருந்தால் இன்னும் மோசம்: பெரிய பரப்பு கேட்கும் எலக்ட்ரானையெல்லாம் சிறிய பரப்பே கொடுக்க வேண்டும். சுதந்திர தேவிக்குள் இருந்த நிலையும் இதுதான்.

இந்த அரிப்பு வரும் என்று தெரிந்தே, பட்டைக்கும் செம்புக்கும் நடுவே அரக்கில் தோய்த்த அஸ்பெஸ்டாஸ் துணி வைத்தார்கள். அந்தக் காலத்தில் அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆனால் அரக்கு நாளடைவில் உதிர்ந்துவிட்டது. மீதியிருந்த துணி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தடுக்க வேண்டிய வேலைக்கே துணைபோனது. தண்ணீருக்கும் பஞ்சமில்லை. உள்ளே ஏறி வரும் மக்களின் மூச்சுக் காற்று குளிர்ந்த செம்பில் படிந்து வழிந்தது. போதாததற்கு, 1916-ல் தீப்பந்தத்தின் செம்பை வெட்டி நூற்றுக்கணக்கான கண்ணாடித் துண்டுகள் பொருத்தினார்கள். செய்தவர் போர்க்லம், பின்னாளில் ரஷ்மோர் மலையில் அதிபர்களின் முகங்களைச் செதுக்கியவர். உள்ளே விளக்கு எரிந்தால் அழகாக இருக்கும் என்பது நோக்கம். கண்ணாடியின் ஓரங்கள் வழியாக மழை இறங்க ஆரம்பித்தது, எழுபது வருடம் நிற்கவே இல்லை.

துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். பட்டைகள் வீங்கி, கவ்வியை உள்ளிருந்து நெம்பின. நழுவ வேண்டியது சிக்கிக்கொண்டது. கவ்வியின் ரிவெட்டுகள் தகட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தன. அசைவுக்காக விட்ட இடத்தைத் துரு அடைத்துவிட்டதால், வெப்பமும் காற்றும் மறுபடி எதிரிகளாகிவிட்டன. மூன்று பிரச்சினைகளும் ஒரே இணைப்பில் வந்து சேர்ந்ததுதான் இதில் என்னை மிகவும் யோசிக்க வைக்கும் விஷயம்.

இத்தனைக்கும் வெளித் தகடு ஆரோக்கியமாகவே இருந்தது. பளபளத்த செம்பு முதலில் பழுப்பாகி, பிறகு காற்றிலிருந்த கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து பச்சைக் களிம்பு பூத்தது. இருபது வருடத்தில் சிலை முழுக்கப் பச்சை. கெட்டுப்போய்விட்டது என்று பயந்து, 1906-ல் பெயிண்ட் அடிக்கப் பணம்கூட ஒதுக்கினார்கள். மக்கள் எதிர்த்தார்கள். ராணுவப் பொறியாளர்கள் சோதித்துப் பார்த்து, களிம்பு செம்பைக் காப்பாற்றுகிறது, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இரும்பின் துரு பொருபொருவென்று உதிர்ந்து புது இரும்பைத் திறந்துவிடும். செம்பின் களிம்போ இறுகப் படிந்து காற்றையும் நீரையும் அடைத்துவிடும். நூறு வருடத்தில் தகடு இழந்தது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்.

1980-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பொறியாளர்களும் அமெரிக்கப் பொறியாளர்களும் சேர்ந்து சிலையின் உள்ளே ஏறி இறங்கி ஆராய்ந்தார்கள். 1984-ல் சிலையைத் தொடாமல், தன் காலிலேயே நிற்கும் அலுமினியச் சாரம் எழுந்தது. பட்டைகள் 1,800-க்கும் மேல். எந்த இரண்டும் ஒரே வளைவில் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் தகடு சரிந்துவிடும். ஆகவே ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் நான்கு இடங்களில் ஒரு சில பட்டைகளை மட்டும் கழற்றினார்கள். அவற்றை மாதிரியாக வைத்துப் புதியதை வளைத்து, உடனுக்குடன் திரும்ப மாட்டினார்கள்.

புதிய பட்டைகள் 316எல் ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். விறைப்பில் அது பழைய இரும்புக்குப் பக்கத்தில் இருக்கும், அதனால் சிலை ஆடும் விதம் மாறாது. அதில் இருக்கும் குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தைப் போர்த்திவிடும். மாலிப்டினம் உப்புக்கு ஈடுகொடுக்க உதவும். அந்தப் படலத்தால் அதன் மின்னழுத்தம் செம்புக்கு அருகில் வந்துவிடுவதால், இரண்டும் தொட்டாலும் பெரிய மின்சாரம் ஓடாது. இருந்தும் நடுவே டெஃப்ளான் வைத்தார்கள். டெஃப்ளான் மின்சாரத்தையும் விடாது, தண்ணீரையும் உறிஞ்சாது. அலாரம் கப்பலில் பழுப்புக் காகிதம் தற்செயலாகச் செய்ததை இங்கே தெரிந்தே செய்தார்கள். டெஃப்ளான் வழவழப்பாகவும் இருப்பதால், பட்டை கவ்விக்குள் மறுபடி நழுவ ஆரம்பித்தது.

உள்பக்கச் செம்பில் பல அடுக்குப் பெயிண்ட், அதற்கடியில் தார். மணலைப் பீய்ச்சினால் மெல்லிய தகடு தேய்ந்துவிடும். அதனால் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனைத் தெளித்தார்கள். பெயிண்ட் விறைத்து, செம்பைவிட வேகமாகச் சுருங்கி, பாளம் பாளமாக உதிர்ந்தது. தார் அதற்கு மசியவில்லை. அதற்குச் சமையல் சோடாவைப் பீய்ச்சினார்கள். செம்பைவிட மென்மையான தூள், ஆனால் தாரை உரிக்கும். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. தகடுகளின் இடுக்கு வழியாகச் சோடா வெளியே கசிந்து, பச்சைக் களிம்பில் நீலம் பாய வைத்தது. வெளியிலிருந்து அவசரமாகக் கழுவினார்கள்.

தீப்பந்தத்தைப் பழுதுபார்க்க வழியில்லை. பிரான்ஸின் ரெம்ஸ் நகரிலிருந்து உலோகக் கைவினைஞர்கள் வந்தார்கள். நூறு வருடம் முன்பு நடந்த அதே தட்டு வேலையில் புதியதைச் செய்தார்கள். கண்ணாடி இல்லை, பார்த்தோல்டி முதலில் விரும்பியபடி முழுச் செம்பில் சுடர், மேலே தங்கத் தகடு, வெளியிலிருந்து வெளிச்சம். தகட்டில் ஒட்டுப் போடப் புதுச் செம்பு வைத்தால் நிறம் காட்டிக்கொடுக்கும் என்பதால், பெல் ஆய்வகம் தன் கட்டடக் கூரையிலிருந்து ஏற்கெனவே பச்சை பூத்த செம்பைக் கழற்றிக் கொடுத்தது. 1986 ஜூலையில் சிலை மறுபடி திறக்கப்பட்டது. கசிந்த பழைய தீப்பந்தம் இப்போது அதே தீவில், 2019-ல் திறந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கண்ணாடி ஓரங்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

ஐஃபலின் நடுக் கோபுரத்தை மட்டும் மாற்றவில்லை. அது இன்றும் அதே பழைய இரும்புதான். அதற்கு அடித்த முதல் பூச்சு, நாசாவில் உருவான துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். ஈரம் பட்டால் முதலில் கரைவது அதுதான்; அது மிச்சமிருக்கும் வரை இரும்பு கரையாது. பட்டைகளைத் தின்ற அதே மின்வேதி வினை கோபுரத்துக்கு இப்போது காவல் நிற்கிறது. பூச்சு தேயத் தேயத் திரும்ப அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.