நாய் வண்டியில் அடிபட்டால் 1962 எதுவரை உதவும்? சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டு நாயோ பூனையோ சாலையில் அடிபட்டுக் கிடந்தால், கூடி நிற்பவர்களில் ஒருவராவது "1962க்கு போன் போடுங்க" என்று சொல்வார். அது கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியைக் கூப்பிடும் எண். போடத்தான் வேண்டும், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். ஆனால் 108 மாதிரி ஒரு வண்டி வந்து தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறக்கும் என்று நம்பிக் காத்திருக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. அந்த வண்டி அதற்காக உருவானது இல்லை. எதற்கு உருவானது என்று தெரிந்துகொண்டால் சரியான நேரத்தில் சரியாகப் பயன்படுத்தலாம்.

இது மத்திய அரசின் கால்நடை நலம், நோய்த் தடுப்புத் திட்டத்தின் ஒரு பகுதி. ஏறக்குறைய ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு நடமாடும் மருத்துவ ஊர்தி என்பது கணக்கு. வண்டி வாங்கி வடிவமைக்கும் செலவு முழுவதையும் மத்திய அரசு கொடுக்கிறது, ஓட்டும் செலவை மத்திய அரசும் தமிழ்நாடு போன்ற மாநிலங்களும் 60க்கு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கால்நடை மருத்துவர், ஓர் உதவியாளர், ஓட்டுநர் என்று மூன்று பேர். தமிழ்நாட்டில் 2024 ஆகஸ்டில் 245 வண்டிகளை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். வண்டிக்குள் பரிசோதனைக் கருவிகள், மருந்துகள், சின்ன அறுவை சிகிச்சைக்கான பொருட்கள் இருக்கும். அதாவது டாக்டர் நம் இடத்துக்கு வந்து பார்க்கிறார், அதுதான் திட்டத்தின் உயிர். மருந்தகம் தூரமாக இருக்கும் கிராமத்தில், நடக்க முடியாத மாட்டை ஏற்றிக்கொண்டு போக வழியில்லாத குடும்பத்தை மனதில் வைத்துப் போட்ட திட்டம் இது, அந்த வகையில் அருமையான திட்டம்.

காரில் அடிபட்ட நாய்க்குத் தேவைப்படுவது வேறு. எக்ஸ்ரே, ஸ்கேன், ஆக்சிஜன், சில சமயம் ரத்தம், உடனே வயிற்றைத் திறக்கும் அறுவை அரங்கம், இதெல்லாம் கட்டடத்துக்குள்தான் இருக்கும். அதனால் நான் சொல்வது இதுதான்: ஒருவர் 1962க்குப் பேசட்டும், இன்னொருவர் அதே நேரத்தில் ஆட்டோ பிடிக்கட்டும். போனில் முதலில் ஊர், தெரு, பக்கத்தில் அடையாளம் என்ன என்று சொல்லுங்கள், அப்புறம் என்ன பிராணி, மூச்சு விடுகிறதா, ரத்தம் எங்கிருந்து வருகிறது, எழ முடிகிறதா என்று. வண்டி அருகில் இருக்கிறது, சீக்கிரம் வரும் என்று தெளிவாகச் சொன்னால் காத்திருக்கலாம். இல்லையென்றால் எங்கே கொண்டுபோவது நல்லது என்று அவர்களிடமே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அடிபட்டது பசுவோ எருமையோ என்றால் கதையே வேறு, அதை ஆட்டோவில் ஏற்ற முடியாது, அங்கே 1962தான் முதல் வழி.

எங்கே போவது? கால்நடை பராமரிப்புத் துறைக்குக் கிராம அளவில் கால்நடை மருந்தகங்கள், அதற்கு மேலே மருத்துவமனைகள், பெருமருத்துவமனைகள் உண்டு. மருந்தகத்தில் ரத்தத்தைக் கட்டுப்படுத்துவது, வலிக்கு ஊசி, சலைன் வரைக்கும் நடக்கும், பெரும்பாலும் பகல் நேரம்தான். பெரிய அடிக்கு நான் அதிகம் நம்புவது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளோடு இருக்கும் சிகிச்சை வளாகங்களைத்தான். சென்னை வேப்பேரியில் இருப்பது 1903ல் தொடங்கிய கல்லூரி, அங்கே இரவிலும் அவசர சிகிச்சைப் பிரிவு உண்டு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, சேலம் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் இருக்கின்றன. தனியாரில் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இங்கே ஆவது கொஞ்சம்தான். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது, இரவில் யார் இருப்பார்கள் என்பதை இன்றைக்கே விசாரித்து போனில் சேமித்து வையுங்கள், நடுராத்திரியில் கை நடுங்கும்போது தேட முடியாது.

சரி, தூக்குவது எப்படி? இதில்தான் நிறைய பேர் தவறு செய்கிறோம், பாசத்தில் செய்கிற தவறு. முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்தச் சொல்லுங்கள், நீங்களும் அடிபட்டால் நாய்க்கு யாருமில்லை. முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சாதீர்கள். பத்து வருடம் வளர்த்த நாயும் வலியில் கடிக்கும், அது குணம் மாறியதால் இல்லை, பயத்தால். துப்பட்டாவையோ துண்டையோ கிழித்து வாயைச் சுற்றித் தளர்வாகக் கட்டலாம், ஆனால் மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ வாயில் ரத்தம் வந்தாலோ கட்டவே கூடாது. பூனை என்றால் ஒரு தடித்த துண்டைப் போர்த்தி அப்படியே சுருட்டி எடுங்கள். முதுகெலும்பு உடைந்திருக்கலாம் என்று எண்ணித்தான் எந்தப் பிராணியையும் நகர்த்த வேண்டும்: ஒரு பலகை, கார் மிதியடி, அட்டைப்பெட்டியைப் பிரித்த அட்டை, எதுவும் இல்லையென்றால் இரண்டு பேர் நான்கு முனையையும் இறுக்கிப் பிடித்த பெட்ஷீட், இவற்றில் ஒன்றின் மேல் மெல்ல இழுத்து ஏற்றுங்கள். காலைப் பிடித்துத் தூக்குவது, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவது வேண்டாம். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திக்கொண்டே இருங்கள், துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வையுங்கள். உடைந்த காலை நீங்களே நேராக்கிக் கட்டப் போகாதீர்கள்.

தண்ணீர், பால், பிஸ்கட் எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் அது ஆபத்து. வலி தாங்காமல் முனகுகிறதே என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலில் பாதி மாத்திரை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூனைக்கு அது விஷம், சிறிய அளவே கொல்லும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மஞ்சள் பற்று, காபித்தூள் இதெல்லாம் காயத்தில் அப்பினால் டாக்டர் அதைக் கழுவவே நேரம் போகும்.

உங்களைக் கடித்துவிட்டால், உங்கள் நாயே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28 என்று நான்கு முறை. நடுவில் விடாதீர்கள்.

"அதுவே எழுந்து நடந்துவிட்டது, ஒன்றுமில்லை" என்று நினைப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுச் செவலை ஒரு பைக்கில் அடிபட்டு, எழுந்து, வாலாட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்து படுத்தது. காலில் சிராய்ப்பு மட்டும்தான். மறுநாள் காலை வரை அது ஒரு சொட்டு மூத்திரம் போகவில்லை என்பதை அம்மா கவனித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம், சிறுநீர்ப்பை கிழிந்திருந்தது. பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்த ராத்திரி முழுக்க அது எவ்வளவு வலியில் கிடந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். நுரையீரலில் ரத்தக்கட்டு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிவது, மண்ணீரலில் கசிவு, எதுவும் வெளியே தெரியாது. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், வெளிறிப்போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

அப்புறம் சட்டம். அடித்தவர் நிற்காமல் போனால் என்ன செய்ய முடியும் என்பதுதான் எல்லோரும் கேட்பது. மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 134வது பிரிவு, ஒரு நபர் காயப்பட்டாலோ மூன்றாம் நபரின் சொத்துக்குச் சேதம் வந்தாலோ ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மீறினால் 187வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இந்த "நபர்" என்ற சொல்லுக்குள் நாய் வராது. 2022ல் கர்நாடக உயர் நீதிமன்றம், வளர்ப்பு நாய் இறந்த ஒரு வழக்கில் இப்படித்தான் சொல்லி ஓட்டுநர் மீதான வழக்கை ரத்து செய்தது. அதே வருடம் பம்பாய் உயர் நீதிமன்றமும், தெருநாய் மேல் பைக்கை மோதிய ஓர் இளைஞர் மீது மனித உயிருக்கான பிரிவுகளைப் போட்டது தவறு என்று சொல்லி, அவருக்கு 20,000 ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டது. வேண்டுமென்றே ஏற்றினால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325வது பிரிவு வரும், ஐந்து வருடம் வரை சிறை. ஆனால் உள்நோக்கமோ, இப்படி ஆகும் என்று தெரிந்தே செய்ததோ நிரூபணமாக வேண்டும், தற்செயலாக மோதியதற்கு அது பொருந்தாது. 1960ம் வருட மிருகவதைத் தடைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் இன்னும் 10 முதல் 50 ரூபாய்தான். பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதன் பலனாக வந்த சட்டம் அது, அறுபது வருடத்துக்கு மேலாகியும் அந்தத் தொகையைத் திருத்தாமல் வைத்திருப்பது பெரிய அநியாயம்.

ஆக, குற்ற வழக்கைவிட இழப்பீட்டு வழிதான் கொஞ்சமாவது கைகொடுக்கும். சட்டத்தின் பார்வையில் வளர்ப்புப் பிராணி உரிமையாளரின் சொத்து, கேட்க மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் அந்தச் சொல்லே இங்கே உதவுகிறது. மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்கு வாகனத்தின் இன்சூரன்ஸில் இடம் உண்டு, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம், சட்டப்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள். அதற்கு வண்டி எண்ணையும் சம்பவ இடத்தையும் அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள், பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவை அழியும் முன் கேட்டு வாங்குங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள், சிகிச்சை பில்களைத் தொலைக்காதீர்கள். இறந்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்கிய பிறகே புதையுங்கள். நாய் உங்களுடையது என்று காட்ட உள்ளாட்சி உரிமம், தடுப்பூசி அட்டை இரண்டும் வேண்டும். பசு, ஆடு என்றால் சந்தை விலை தெளிவாக இருப்பதால் வழக்கு எளிது, நாட்டு நாய்க்கு விலை என்ன என்று கேட்பார்கள், அங்கே மருத்துவ பில்தான் உங்கள் கணக்கு.

எதிர்ப்பக்கமும் உண்டு. சங்கிலியில்லாமல் விட்ட உங்கள் நாய் குறுக்கே ஓடி ஒருவர் பைக்கோடு விழுந்தால், கவனக்குறைவாகப் பிராணியை வைத்திருந்ததற்காக உங்கள் மேல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291வது பிரிவில் வழக்கு வரலாம், ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம் அல்லது இரண்டும். அடிபட்ட நாயை ஆஸ்பத்திரி வாசலிலோ தெருவிலோ விட்டுவிட்டுப் போவதும் பசியிலும் தாகத்திலும் வாட விடுவதுதான், மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11வது பிரிவில் அதற்கும் இடம் இருக்கிறது.

பிழைக்கவே வழியில்லை, வலி மட்டும்தான் மிச்சம் என்று டாக்டர் சொன்னால், ஊசி போட்டு அமைதியாகப் போகவிடச் சம்மதிப்பது உங்கள் முடிவு, அதைக் கால்நடை மருத்துவர் மட்டுமே செய்யலாம். உரிமையாளர் இல்லாமல், நகர்த்தவே முடியாத நிலையில் ஒரு பிராணி கிடந்தால் மிருகவதைத் தடைச் சட்டத்தின் 13வது பிரிவு வழி சொல்கிறது: காவலருக்கு மேற்பட்ட பதவியில் உள்ள போலீஸ் அதிகாரி, அந்தப் பகுதியின் கால்நடை மருத்துவரை வரவழைத்து, இனி உயிரோடு வைத்திருப்பது கொடுமை என்று சான்று பெற்று, மாஜிஸ்திரேட் உத்தரவோடு அதன் வேதனையை முடிக்கலாம். தெருநாய் அப்படிக் கிடப்பதைப் பார்த்தால் 1962க்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லிவிட்டு, வண்டி ஏறாதபடி சுற்றிலும் நான்கு கல்லையோ ஒரு பைக்கையோ நிறுத்தி, ஆள் வரும்வரை பக்கத்தில் இருங்கள்.